மூட்டை முதுகில்... வலி இடுப்பில்!

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், தேனியிலிருந்து குமுளி வரைக்கும் ரோட்டோரமெல்லாம் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியுமாகத்தான் இருக்கும். வெளியூர்ச் சாமிமார்கள் வேனில் போவார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குச் சாமிமார்களில் பலர் நடந்தே போவார்கள். லோயர் கேம்ப்பில் மலை ஏறி, குமுளி, வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழியாகச் சன்னிதானம். தை பிறந்தால் பச்சை வேட்டி, காவி வேட்டி! பெரியகுளம், வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. சித்திரா பௌர்ணமி அன்று, வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூர் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப் பாதையில் ஏறுகிறார்கள். இவர்கள் போதாதென்று, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு மலை ஏற வரும் இளைஞர் கூட்டம் வேறு.

போகும்போது எல்லோரும் உற்சாகமாகத்தான் போகிறார்கள். திரும்பி வந்ததும் ஒரு பகுதியினர் என் போன்ற வைத்தியர் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒரு கை இடுப்பில் இருக்கும்.

"டாக்டரய்யா, இடுப்பு புடிச்சுக்கிச்சு. நல்ல தைலமா ஒண்ணு குடுங்க."

தைலம் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். தைலம் காய்ச்சத் தெரியும். ஆனால் என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் நடந்து இடுப்பு வலியோடு வருகிறவர்கள் இரண்டு மாதம் தாமதமாக வருகிறார்கள். அவர்கள் வந்திருக்க வேண்டியது யாத்திரை முடிந்த மறுநாள் அல்ல, மாலை போட்ட அன்று. வலியை உண்டாக்கியது நடை அல்ல; பழகாத நடையும் பொருந்தாத சுமையும்தான். அதை விட்டுவிட்டு வலிக்குத் தைலம் தேடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

சரி, முதலில் ஒரு சின்னப் பரீட்சை. உங்களுக்கு "இடுப்பு வலி" என்று சொல்கிறீர்களா? எங்கே என்று ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையால் தடவிக் காட்டக் கூடாது. ஒரே விரல்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழில் "இடுப்பு" என்கிற ஒரே சொல்லுக்குள் நாலைந்து இடங்கள் அடங்கிவிடுகின்றன. வேட்டி கட்டும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, தொடை எலும்பு வந்து பொருந்தும் மூட்டும் இடுப்பு. வலிக்கும் இடம் மாறினால் வியாதியும் மாறுகிறது, வைத்தியமும் மாறுகிறது.

பின்பக்கம், முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் விரல் போனால், அது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. முதுகுப் பை உங்களைப் பின்னால் இழுக்கும். நீங்கள் முன்னால் குனிந்து அதைச் சமாளிப்பீர்கள். நாள் முழுக்க இந்த இழுபறி நடந்தால் அந்த இடத்துத் தசை கட்டை போல் இறுகிவிடும். இரண்டு நாள் ஓய்வு, ஒத்தடம், எண்ணெய் என்றால் அடங்கிவிடும். பயப்பட வேண்டியதில்லை.

விரல் பக்கவாட்டில், பேண்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் தட்டுப்படும் எலும்பு மேட்டுக்குப் போகிறதா? அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ராத்திரி தூக்கம் கலைகிறதா? அது மூட்டு வலியே இல்லை. நடக்கும்போது இடுப்பைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும் தசைகளின் நாண்கள் அந்த எலும்பு மேட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. அவை நைந்து போனால் வரும் வலி இது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும். நம் வீட்டுப் பெண்கள் குடத்தையும் குழந்தையையும் ஒரே பக்க இடுப்பில் வைத்து, அந்தப் பக்கத்தைத் தள்ளியே நின்று பழகியவர்கள். அந்த நிற்கும் தோரணை இந்த நாண்களை எலும்போடு அழுத்துகிறது. ஏற்கெனவே நொந்த இடத்தில் நூறு கிலோமீட்டர் நடை என்றால் கேட்கவா வேண்டும்?

புட்டத்தில் ஆரம்பித்துத் தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கினால் அது நரம்பு. கூடவே கால் மரத்துப்போவது, பெருவிரலைத் தூக்க முடியாமல் போவது, சிறுநீர், மலம் போவதில் தடுமாற்றம், இதில் எது இருந்தாலும் தைலப் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர்த் தடுமாற்றம் என்றால் அன்றைக்கு என்றுகூட இல்லை, அந்த நிமிஷமே!

கடைசியாக, நான் மிகவும் பயப்படும் இடம்: தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பு. கவட்டைப் பக்கம். விரல் அங்கே போனால் வலி உண்மையான இடுப்பு மூட்டிலிருந்து வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் நம்மவர்கள் இதைத்தான் "சுளுக்கு", "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி அலட்சியப்படுத்துகிறார்கள்.

உத்தமபாளையம் பக்கத்து அம்மா ஒருவர். அறுபதை நெருங்கும் வயது. மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நேர்ந்துகொண்டு பழனிக்கு நடந்தார். அதற்கு முன் அவர் அதிகம் நடந்தது வீட்டிலிருந்து ரேஷன் கடை வரைக்கும்தான். இரண்டாம் நாள் வத்தலக்குண்டு தாண்டியதும் வலது கவட்டையில் வலி. கூட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வழியில் ஒருவர் பொட்டலத்தில் ஏதோ பொடி கொடுத்தார். வலி அடங்கியது, அம்மாவும் நடந்தார். நேர்த்திக்கடன் முடிந்தது. ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து, விந்தி விந்தி என்னிடம் வந்தார், தைலத்துக்கு.

படுக்க வைத்து அந்தக் காலை லேசாக உள்பக்கம் திருப்பினேன், துடித்துப் போனார். தைலம் தேய்க்கவில்லை. அந்தக் காலை ஊன்றவே வேண்டாம் என்று சொல்லி எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழைக் கீறல்! நல்ல வேளை, எலும்பு விலகவில்லை. திருகாணி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் அதே காலில் நடந்திருந்தால் கழுத்து முறிந்து, மூட்டையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

இந்தக் கீறல் விழுந்து வருவதல்ல. பழக்கமில்லாத எலும்பை ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்துவதால் வருவது. புதிதாகப் பட்டாளத்தில் சேரும் வாலிபர்களுக்கே பயிற்சியில் இது வருவதுண்டு. மாதவிலக்கு நின்று எலும்பு மெலிந்த பெண்களுக்கு இன்னும் சுலபமாக வரும்.

ஆண்களுக்கும் ஒரு எச்சரிக்கை. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள், இதே கவட்டை வலி, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்றால், தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துப்போகும் நோயாக இருக்கலாம். குடியும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதற்கு முக்கியக் காரணங்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள் சிலருக்கு இந்த நோய் வந்ததை 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். வருஷத்துக்கு ஒரு மண்டலம் மட்டும் குடியை நிறுத்திவிட்டு, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய கடைக்குப் போகிற சாமிமார்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். (வீட்டம்மாக்கள் வாசித்துக் காட்டினாலும் சரி!)

இப்போது மூட்டைக்கு வருவோம்.

நடை என்பது என்ன? ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். அந்த ஒரு நொடியில் முழு உடம்பும் ஒரே இடுப்பு மூட்டின் மேல் நிற்கிறது. ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாகக் கோல் உள்ள தராசை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான பக்கத்தில் உங்கள் உடல் எடை. குட்டையான பக்கத்தில் இடுப்புத் தசை. தராசு சாயாமல் இருக்கத் தசை இரண்டு மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டை அழுத்தும். பெர்லினில் செயற்கை இடுப்பு மூட்டுக்கு உள்ளேயே அளவுக் கருவியை வைத்து நோயாளிகளை நடக்கவிட்டு அளந்து பார்த்தார்கள். சாதாரண நடையில், உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு அழுத்தம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பையில் எட்டுக் கிலோ என்றால் மூட்டுக்கு அது ஏறத்தாழ இருபது கிலோ. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடந்தால் சுமார் 28,000 அடி. ஒரு பக்கத்துக்கு 14,000. ஒவ்வொரு அடிக்கும் அந்த இருபது கிலோ கூடுதலாக இறங்குகிறது. "ஒரு போர்வைதானே, ரெண்டு பழம்தானே, பவர் பேங்க்தானே" என்று சேர்த்துக்கொண்டே போகிறீர்களே, அந்தத் "தானே"க்கு இடுப்பு கொடுக்கும் விலை இது.

மத்திய அரசின் 2020-ஆம் வருடப் பள்ளிப் பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. பழக்கமில்லாத பெரியவர்களுக்கும் அதே அளவுதான் என் சிபாரிசு. அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ, தண்ணீரையும் சேர்த்து!

எடை ஒரு பக்கம், அதை எங்கே சுமக்கிறோம் என்பது இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மாடு வைத்துப் புல்லுக்கட்டு, விறகுக்கட்டு சுமந்தவர்கள். தலைச்சுமை உடம்பின் நடுக்கோட்டில் இறங்குவதால் இடுப்பு சாய்வதில்லை. இருமுடியும் அப்படித்தான். அதற்காகத் தலைச்சுமையைப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது கழுத்தெலும்பைத் தின்றுவிடும். ஆனால் இன்றைக்குச் சாமிமார்கள் தலையில் இருமுடி, ஒரு தோளில் ஜோல்னாப் பை, ஒரு கையில் தண்ணீர் கேன் என்றல்லவா போகிறார்கள்? ஒரு பக்கச் சுமைதான் எல்லாவற்றிலும் மோசம். வலது கையில் தூக்கினால், உடம்பைச் சாயாமல் பிடிக்க இடது இடுப்பு கூடுதலாக உழைக்கிறது. சுமை ஒரு பக்கம், வலி மறுபக்கம்! "பை இந்தப் பக்கந்தான் மாட்டியிருந்தேன், வலி அந்தப் பக்கம் வருது, இதென்ன மாயம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மலையேற வரும் இளைஞர்களின் பைகளில் இடுப்பு பெல்ட் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதை அலங்காரத்துக்குத் தொங்கவிடுகிறார்கள். அல்லது தொப்பைக்கு மேல் கட்டுகிறார்கள். பெல்ட் உட்கார வேண்டியது இரண்டு பக்கமும் கையை வைத்தால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேட்டில். முதலில் பெல்ட்டை இறுக்க வேண்டும், அதன் பிறகுதான் தோள் பட்டை. அப்போது சுமையின் பெரும்பகுதி தோளை விட்டு எலும்பில் இறங்கும், முதுகு குனியாது. கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். பை புட்டத்தில் இடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. மிக இறுக்கமும் ஆபத்துதான். இடுப்பின் முன்பக்கம் ஒரு மெல்லிய நரம்பு தொடைக்குப் போகிறது. அது நசுங்கினால் தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரத்துப்போகும். பாவாடை நாடாவை, வேட்டி பெல்ட்டை இறுகக் கட்டுபவர்களுக்கும் இதே தொல்லை வரும். தளர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு பழைய கதை. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு பக்கத்துத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியில் தொட்டிலில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. டாப் ஸ்டேஷன் வரை வந்த ரயில் 1924 வெள்ளத்தில் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. தேயிலைப் பெட்டிக்கே இடுப்பு நோகாமல் வழி செய்தார்கள். நம் பிள்ளைகள் அதே மலையில் பன்னிரண்டு கிலோ பையோடு, முந்தின வாரம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உடம்போடு ஏறுகிறார்கள்!

குரங்கணிக் காட்டில் 2018 மார்ச் மாதம் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்துக்குப் பிறகு, அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அனுமதி, வழிகாட்டி எல்லாம் சரி. ஆனால் காட்டில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் மொத்தக் கூட்டமும் அவர் வேகத்துக்குத்தான் இறங்க முடியும். இருட்டும் முன் இறங்கவும் ஓடவும் முடியாத உடம்பைக் காட்டுக்குள் கொண்டுபோவது தனக்கு மட்டும் ஆபத்து அல்ல.

தயாராவது எப்படி? அதற்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் ஒரு மண்டலம், 41 நாள் என்று வைத்தார்களே, அது எதற்கு? என் அபிப்பிராயத்தில் அந்த நாட்கள் வயிற்றுக்கும் மனசுக்கும் மட்டும் விதித்த விரதமல்ல, காலுக்கும் சேர்த்துத்தான். அந்தக் காலத்தில் மாலை போட்டவர் செருப்பில்லாமல் வயலுக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். இன்றைக்குக் கறிச்சோற்றை விட்டோம், மெத்தையை விட்டோம், மோட்டார் பைக்கை விடவில்லை. செருப்பில்லாத காலால் கியர் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம்!

முதல் வாரம் காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் போதும். வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நெடுநடை. மூன்றாம் வாரத்திலிருந்து பாதிச் சுமையோடு பையை மாட்டுங்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும். மலைப்பாதை போகிறவர்கள் படி ஏறி இறங்கிப் பழக வேண்டும். மாடிப்படி போதும், பெரியகுளம் பக்கத்துக்காரர்களுக்குக் கைலாசபட்டி மலைக்கோயில் இருக்கிறது. வெறுங்காலில் நடக்கப் போகிறவர்கள் அதையும் இப்போதே ஆரம்பிக்க வேண்டும். பாதம் கூசினால் நடை கோணும். நடை கோணினால் இடுப்புதான் தாங்கும். கடைசி நாலு நாள் நடையைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

கூடவே இரண்டு பயிற்சி. சுவரில் விரல் நுனியை வைத்து ஒற்றைக் காலில் அரை நிமிஷம், இடுப்பு ஒரு பக்கம் தொங்காமல் நிற்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துத் தடவை. பல் தேய்க்கும் நேரத்திலும் டி.வி. விளம்பர நேரத்திலும் முடிந்துவிடும்.

ரோட்டில் இறங்கிய பிறகு சிலது. தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். ஒரே ஓரத்தில் நாள் முழுக்க நடந்தால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் நடந்த கதைதான். ஓரத்தில் சமமான மண் தரை கிடைத்தால் அதில் நடங்கள். இறக்கத்தில் குட்டி அடியாக வையுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் தானாகவே நிதானிக்கிறோம். புல்மேட்டிலிருந்து சன்னிதானத்துக்கு இறங்கும்போது சரணம் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்குகிறோம். மூட்டு அடிபடுவது அங்கேதான்.

கம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையில்? நூறு பேரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் தப்பாகத்தான் சொல்வார்கள். வலது இடுப்பு வலித்தால் கம்பு இடது கையில்! பையைக் கையில் தூக்குவதானால் வலிக்கிற பக்கத்துக் கையில்! மேலே சொன்ன தராசை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ராத்திரி மண்டபத்தில் வெறும் தரையில் ஒருக்களித்துப் படுக்காமல், மல்லாந்து படுங்கள். அல்லது முழங்கால்களுக்கு நடுவில் துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மருந்து. சித்த வைத்தியத்தில் உள்மருந்து முப்பத்திரண்டு வகை, வெளிமருந்தும் முப்பத்திரண்டு வகை. நடைப்பயணத் தசை வலிக்கு வெளிமருந்தே போதும் என்பது என் அனுபவம். நொச்சி இலை, ஆமணக்கு இலை, தழுதாழை இலை, கிடைத்ததை நறுக்கிக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம். இலை கிடைக்காத இடத்தில் கல் உப்பை வறுத்துக் கட்டலாம். சர்க்கரை வியாதியில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு வேறொருவர் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொப்புளம்தான். வீங்கிச் சிவந்து கொதிக்கிற இடத்தில் ஒத்தடம் கூடாது. உளுந்து தைலம், வாத கேசரி தைலம் போன்றவற்றை இளஞ்சூடாகத் தடவி மெதுவாக நீவிவிடலாம். மெதுவாக! பக்கவாட்டு எலும்பு மேட்டில் கட்டை விரலால் குத்துவதும், முதுகில் ஏறி மிதித்துவிடுவதும் வைத்தியம் அல்ல. தைலம் தசைக்குத்தான். கீறல் விட்ட எலும்பைத் தைலம் ஒட்டவைக்காது, செத்துப்போன மூட்டுப் பந்துக்கு உயிர் கொடுக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

வலி மாத்திரைகளைப் பற்றி. வேர்த்து, தண்ணீர் வற்றிய உடம்பில், வெறும் வயிற்றில், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையை மூன்று வேளையும் போட்டுக்கொண்டு நடந்தால் இரைப்பையும் கெடும், சிறுநீரகமும் கெடும். அதைவிடப் பெரிய கெடுதல், அது வலியை மறைத்துவிடும். நடக்காதே என்று எலும்பு போடுகிற கூச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டு நடப்பதைத்தான் அந்த அம்மா செய்தார்.

பொட்டலப் பொடிக்கு வருகிறேன். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிலேயே சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். "மூலிகைப் பொடிங்க, ரெண்டே நாள்ல வலி போயிடும்" என்று லேபிள் இல்லாமல் விற்கிற மூட்டு வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அமுக்கரா சூரணமாக இருந்தாலும் சரி, வேறு எந்தச் சித்த மருந்தாக இருந்தாலும் சரி, டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி இருக்க வேண்டும். மூலிகை இரண்டு நாளில் மாயம் செய்யாது. செய்தால் சந்தேகப்படுங்கள். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, கடைசியில் அதே இடுப்பு மூட்டின் பந்து செத்துப்போக வழி செய்யும் மருந்தை, இடுப்பு வலிக்கென்றே காசு கொடுத்து வாங்குவதா?

நேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. "பாதியில நிறுத்துனா சாமி குத்தமாயிடும் டாக்டரய்யா" என்கிறார்கள். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. நானும் மாலை போட்டவன்தான். ஆனால் கவட்டையில் வலி வந்து காலை ஊன்ற முடியவில்லை என்றால், ராத்திரி ஓய்விலும் அந்த வலி குறையவில்லை என்றால், காலில் பலம் குறைகிறது என்றால், அங்கேயே நடை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பஸ்ஸில் போகலாம். காணிக்கையை வீட்டார் கொண்டுபோய்ச் செலுத்தலாம். உத்தமபாளையத்து அம்மா இப்போது தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் போய், விஞ்சில் மலை ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறார்.

இதில் குருசாமிக்கும் பாதயாத்திரைக் குழுத் தலைவருக்கும்தான் பொறுப்பு அதிகம். நடக்கிறவர் தானாக "முடியலை" என்று சொல்ல மாட்டார், மானப் பிரச்னை. சாயங்காலம் தங்குகிற இடத்தில் குழுவில் ஒவ்வொருவரையும் பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். விந்துகிறவரைத் தனியாக அழைத்து, "ஒரு விரலால காட்டுங்க" என்று கேளுங்கள். சமையல் பாத்திரம் ஏற்றிக்கொண்டு பின்னால் வருகிற வேனில் எல்லோருடைய பைகளையும் போட்டுவிட்டு, நடக்க முடியாதவர் ஏறி உட்கார இரண்டு பேர் இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.